பெஞ்சமினைக் கொண்டு வாங்க

சாவோ பாவ்லோவில் கேபிள் வேண்டுமென்றால் எல்லோரும் சாந்தா இஃபிஜேனியா தெருவுக்குத்தான் போவார்கள். போகிறவர்களில் இரண்டு ரகம். என்ன வேண்டும் என்று தெரிந்து போகிறவர்கள் ஒரு ரகம். வாய் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கி வந்து, வீட்டில் தலையில் கை வைத்து உட்காருகிறவர்கள் இன்னொரு ரகம். ஜுரேமா, தன் கட்டடத்தில் நடந்த போன கூட்டம் வரைக்கும் இரண்டாவது ரகம். அதனால் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல.

அவள் குடியிருக்கும் எட்டு மாடிக் கட்டடத்தில் ஒரே ஒரு லிஃப்ட். அதுவும் கிழடு தட்டியது. அவள் புருஷன் ஒஸ்மார் பஸ் ஓட்டினவர். பக்கவாதம் வந்த பிறகு சக்கர நாற்காலி. ஒருநாள் அந்த லிஃப்ட் அவரை இரண்டு மாடிகளுக்கு நடுவே நிறுத்தி, ஒரு மத்தியானம் முழுக்க உள்ளேயே வைத்துக்கொண்டது. வெளியே எடுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "செத்தாலும் இனி இதுல ஏற மாட்டேன்." அன்றிலிருந்து எட்டாவது மாடியிலேயே கிடக்கிறார். கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரிக்குக்கூடப் போவதில்லை.

புது லிஃப்ட் போட வேண்டுமென்றால் வீட்டுக்காரர்கள் கூட்டத்தில் ஓட்டுப் போட்டு முடிவெடுக்க வேண்டும். கட்டடத்துக்குத் தலைவர் அடெமீர். "லிஃப்டுக்கு ஒரு குறையும் இல்ல, கொஞ்சம் எண்ணெய் விட்டாப் போதும்" என்பது அவருடைய பல்லவி. ஒஸ்மார் மாட்டிக்கொண்டதை வீடியோ எடுத்திருந்த ஜுரேமா, போன கூட்டத்தில் அதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டுகிறேன் என்று எழுந்தாள். மருமகளின் லேப்டாப்பில் சின்ன நீளவட்ட ஓட்டை. ஹாலில் இருந்த ப்ரொஜெக்டரிலும் அதே மாதிரி ஓட்டை. போன் சார்ஜர் கேபிளை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செருகினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை, வெறும் நீலம்.

"ரொம்ப அழகான வானம், தோனா ஜுரேமா" என்றார் அடெமீர், தோனா என்ற மரியாதைப் பட்டத்தோடு. ஹாலே சிரித்தது. சிரித்த வாயோடு எல்லோரும் கை தூக்கி விஷயத்தைத் தள்ளிப்போட்டார்கள். இந்தச் சனிக்கிழமை மறுபடி ஓட்டு. இதிலும் தோற்றால் அடுத்த வருஷம்தான் பேச்சே எடுக்கலாம். ஒஸ்மார் அதுவரை எட்டாவது மாடியில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அதனால்தான் இந்த முறை ஜுரேமா ஓட்டைகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு, தூரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போனாள்.

"ரெண்டு பக்கமும் வாய் சரியா இருந்துச்சேம்மா, ஏன் படம் வரல?" என்று கேட்டாள்.

கடைக்காரி ஷிர்லேய் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "வாய் ஒண்ணாத்தான் இருக்கும். வயித்துக்குள்ள வேற. சார்ஜர் கேபிள்ல கரண்ட் போக கம்பி இருக்கும், படம் போக கம்பி இருக்காது. என் புருஷன் மாதிரின்னு வச்சுக்கோங்க. பாக்க ஆம்பள."

"உன் புருஷன் கதைய விடு. எனக்குப் படம் வரணும்."

ஷிர்லேய் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "லேப்டாப் ஓட்டை பக்கத்துல குறி இருக்கு. படம் வெளிய விடும். தப்பிச்சீங்க, எல்லா லேப்டாப்பும் விடாது. ப்ரொஜெக்டர்ல இந்தா, பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கே, எச்.டி.எம்.ஐ. இந்தப் பக்கம் சின்ன வாய், அந்தப் பக்கம் பெரிய வாய் வச்ச கேபிள் தர்றேன். சத்தமும் இதுலயே போயிடும்."

"இன்னும் நீளமா இருக்கா? அங்க இங்க இழுக்க வசதியா இருக்குமே."

"வேண்டாம். உங்க அளவுக்கு இது போதும். சும்மா நீளமா வாங்கினா படம் வெட்டி வெட்டி வரும். இன்னொண்ணு, திருப்பிப் போட்றாதீங்க. சின்ன வாய்லேருந்து பெரிய வாய்க்குத்தான் படம் போகும். அங்கேருந்து இங்க வராது."

கடை டிவியில் போட்டுக் காட்டச் சொல்லி, படம் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஜுரேமா பையைத் திறந்தாள்.

சனிக்கிழமை ஹாலில் காப்பி ஃபிளாஸ்க்கும் சீஸ் ரொட்டியும் வைத்திருந்தார்கள். ஜுரேமா கேபிளை மாட்டினாள். வாய், நீளம், திசை எல்லாம் சரி. அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். திரைப் பக்கம் கரண்டுக்கு இருந்தது ஒரே ஒரு ஓட்டை. ப்ரொஜெக்டருக்கு ஒன்று வேண்டும், லேப்டாப்புக்கு ஒன்று வேண்டும். அந்த லேப்டாப்போ, போன கூட்டத்துக்கு அப்புறம் பேட்டரி செத்து, சார்ஜரை உருவினால் உடனே கண்ணை மூடிக்கொள்ளும் கிழம். அட ராமா! படம் போகும் வழியைப் பற்றித் துருவித் துருவி விசாரித்தவள், கரண்ட் வரும் வழியை மறந்திருந்தாள்.

ஒரு ஓட்டையை மூன்றாக்கும் வெள்ளைப் பிளக்குக்கு சாவோ பாவ்லோக்காரர்கள் பெஞ்சமின் என்றுதான் பெயர் சொல்வார்கள். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. ஜுரேமா அவசரமாகக் கட்டடத்து வாட்ஸப் குழுவில் தட்டினாள்: "சீக்கிரம் யாராவது பெஞ்சமினைக் கீழ ஹாலுக்குக் கொண்டு வாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒயர்களோடு மல்லுக்கட்டப் போய்விட்டாள்.

ஆறாவது மாடியில் மர்லீஸி என்று ஒருத்தி. வாடகைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, கூட்டத்தில் அவளுக்கு ஓட்டு இல்லை. சொந்த ஊர் தெற்குக் கோடி. அங்கே அந்தப் பிளக்குக்குப் பெயரே வேறு. அவளுக்குத் தெரிந்த ஒரே பெஞ்சமின் எதிர்வீட்டுக் கிழவர்தான். நாய் விஷயத்தில் அடெமீரோடு சண்டை போட்டு, அதன்பின் எந்தக் கூட்டத்துக்கும் வராதவர்.

ஹாலில் அடெமீர் கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன, இன்னிக்கும் வானம்தானா? லிஃப்ட் காலையிலகூட ஜம்முனு ஓடுச்சு. ஓட்டுக்குப் போயிடலாமா?"

"கொஞ்சம் பொறுங்க சேவு அடெமீர், இப்ப வந்துடும்." தோனா பெண்களுக்கு என்றால் சேவு ஆண்களுக்கு; அவளும் மரியாதையை விடவில்லை.

கதவு திறந்தது. வீட்டுச் செருப்போடு, மூச்சு வாங்கிக்கொண்டு பெஞ்சமின் நின்றார். பின்னால் மர்லீஸி. "கொண்டாந்துட்டேன்! மனுஷர் வரவே மாட்டேன்னார், இழுத்துட்டு வந்தேன்" என்றாள் பெருமையாக.

யாரோ வாட்ஸப் செய்தியைச் சத்தமாகப் படித்தார். பிறகு ஹால் வெடித்துச் சிரித்தது. காப்பி குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறியது. "சேவு பெஞ்சமின், அப்படியே சுவத்தோரமா போய் நில்லுங்க, ஒயர் சொருகணும்" என்றார் அடெமீர். ஜுரேமா யார் முகத்தையும் பார்க்காமல் ஒயரைச் சுருட்டத் தொடங்கினாள். இன்றைக்கும் சிரித்த வாயோடு கை தூக்கப்போகிறார்கள்.

கிழவர் சிரிக்கவில்லை. "பல்லைக் காட்டினது போதும். ஆறு மாடி படியில இறங்கி வந்திருக்கேன். லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ள யாரோ கதவைத் தட்டிக்கிட்டே இருக்காங்க."

ஜுரேமா போனைத் திருப்பினாள். அவளுடைய செய்திக்குக் கீழே ஒஸ்மார் எழுதியிருந்தார்: "நான் எடுத்துட்டு வர்றேன்."

அவள் ஓடினாள். படியேறும்போது யாரையோ இடித்தாள், அது யாரென்று இன்றுவரை தெரியாது. நான்காவது மாடியில் வாட்ச்மேன் சாவி போட்டுக் கதவை விலக்கினார். உள்ளே கீழ்ப்பாதி இருட்டு, மேல்பாதி வெளிச்சம். லிஃப்டின் தரை ஆள் நெஞ்சு உயரத்தில் நின்றிருந்தது. நாற்காலிச் சக்கரம் முதலில் தெரிந்தது. பிறகு வேர்வையில் தொப்பலாய் நனைந்த சட்டை. மடியில் வெள்ளைப் பிளக்.

"பெஞ்சமின் கேட்டியே" என்றார் ஒஸ்மார். பிளக்கை எடுத்து நீட்டினார். "குரூப்புல போட்டேனே, பாக்கலயா நீ?"

"அறிவிருக்கா உங்களுக்கு? செத்தாலும் ஏற மாட்டேன்னு சொன்னீங்கல்ல!" என்று கத்தினாள் ஜுரேமா. கத்திக்கொண்டே அழுதாள். எக்கி அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அவசரம்னு போட்டிருந்தியே."

பின்னாலேயே கூட்டம் முழுக்க ஏறி வந்து படியில் நின்றது. அடெமீர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "மெக்கானிக்கக் கூப்பிடறேன், எண்ணெய்..." என்று ஆரம்பித்தார்.

"கூப்பிடுங்க. ஆனா அந்த எண்ணெய்க் கதைய விடுங்க" என்றார் பெஞ்சமின். "புது லிஃப்ட் வேணும்னு நினைக்கிறவங்க இங்கேயே கை தூக்குங்க." முதலில் அவர்தான் கையைத் தூக்கினார். காப்பி புரையேறினவர் அடுத்து. படிக்கட்டில் மேலும் கீழுமாகக் கைகள் எழுந்தன. ஜுரேமாவும் தூக்கினாள். லிஃப்டுக்குள் இருந்து ஒஸ்மாரின் கையும் எழுந்தது. பிளக்கை அவர் இன்னும் விடவில்லை.

"ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டுதான்" என்றார் அடெமீர், பழக்கதோஷத்தில்.

ஜுரேமா ஒஸ்மாரின் கையைப் பார்த்தாள், தன் கையைக் கீழே இறக்கினாள்.