பெரிய காலர் சட்டை

கண்ணாடிக் கடையில் அவளுக்குக் 'காலர்' என்றுதான் பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. கடையில் அதை யாரும் சீண்டுவதில்லை. எல்லாம் அவள் போட்டுக்கொண்டு வரும் சட்டையால் வந்த வினை. அப்பா இளவட்டமாகத் திரிந்த காலத்துச் சட்டை. கடுகு நிறத் துணியில் பழுப்பு வட்டங்கள், அதற்கு மேல் ஒரு காலர். காலரா அது? காற்றடித்தால் ஆளையே தூக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் கீழே பார்த்தால் ஊரெல்லாம் போடுகிற கறுப்பு பேன்ட், சாதாரண வெள்ளை ஷூ. அந்தச் சட்டை வராத நாளில் அப்பாவின் அகல பெல்ட் வரும், இல்லாவிட்டால் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் கட்டிய ஸ்கார்ஃப் வரும். மூன்றும் சேர்ந்து ஒருநாளும் வராது. அதில் மட்டும் அவள் ரொம்பக் கறார்.

வேலை பின்னறையில். லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது, காதுக் கம்பியைச் சூடு காட்டி வளைப்பது. மெஷின் இரைச்சல்தான் பேச்சுத்துணை. அவளுக்கோ ஆட்களோடு பேச வேண்டும், முகத்தைப் பார்த்து அதற்கேற்ற ஃப்ரேம் எடுத்துக் கொடுக்க வேண்டும். முன் கவுன்டரில் இருந்தவர் வேலையை விட்டுப் போனதும், இந்த முறை நமக்குத்தான் என்று மனக்கோட்டை கட்டிவிட்டாள்.

கோட்டையை மேனேஜர் ஒரே பேச்சில் இடித்துத் தள்ளினார்.

"முன்னாடி நிக்கணும்னா அந்தச் சட்டையை மூட்டை கட்டி வச்சிட்டு வாம்மா. பழைய போட்டோவுல இருந்து எறங்கி வந்த மாதிரி நின்னா எவன் வாங்குவான்?"

"சட்டைக்கு என்ன சார் குறைச்சல்?"

"குறைச்சல் ஒண்ணும் இல்ல. காலம்தான் தாண்டிப் போச்சு."

வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினாள். அப்பா நிதானமாகக் கேட்டுவிட்டு, "மாத்திட்டுப் போயேன். நானும் மாத்திட்டுத்தான் போனேன்" என்றார்.

அப்போதுதான் அந்தக் கதை வெளியே வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசை ஆசையாகத் தைத்துக்கொண்ட சட்டையாம். போட்டுக்கொண்டு போன அன்றைக்கே அதிகாரி எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்து, "ஏன், சர்க்கஸ் இன்னிக்கு லீவா?" என்று கேட்டு, வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். ஆபீஸே கொல்லென்று சிரித்ததாம். அன்றைக்குப் பெட்டிக்குள் போன சட்டை, மகள் கண்ணில் படும்வரை வெளியே வரவே இல்லை.

"நீங்க ஒண்ணும் சொல்லலியாப்பா?"

"வேலை வேணுமே. வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"நான் மாத்த மாட்டேன். இதே சட்டையோடதான் அந்த கவுன்டர்ல நிப்பேன்."

"அப்படியே உங்கம்மா! புடிச்சா உடும்புப் புடி" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் கடையில் புதுச் சரக்கு இறங்கியது. வேடிக்கையைக் கேளுங்கள், அத்தனையும் பழைய பாணி ஃப்ரேம்! ஓரம் மேலே தூக்கிய பூனைக்கண் ஃப்ரேம், கன்னத்தில் பாதியை விழுங்கும் சதுர ஃப்ரேம், எல்லாம் முதலாளியம்மா ஆசைப்பட்டு வரவழைத்தவை. மேனேஜருக்கு உடனே மூளை வேலை செய்துவிட்டது.

"சனிக்கிழமை எல்லாரும் பழைய காலத்து டிரெஸ்ல வரணும்! கூட்டம் அள்ளும் பாருங்க!"

காலருக்கு முகம் மலர்ந்தது. அது மேனேஜருக்குப் பொறுக்குமா? "நீ பின்னாடியே இரும்மா. தினமும் இப்படித்தானே வர்ற, உன்னைப் பார்த்து யார் அசரப்போறா?" என்றார்.

சனிக்கிழமை வந்தது. ஐயோ, அந்தக் கண்கொள்ளாக் காட்சியை என்னவென்று சொல்ல! மேனேஜர் ஜிகினா கோட்டு, ஒட்டுக் கிருதா, தலையில் தேன்கூடு மாதிரி ஒரு விக். கேஷியர் அக்கா தலையில் முறம் அளவுக்கு ரிப்பன். கண் டெஸ்ட் செய்கிறவர் இருட்டறைக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், காலி நாற்காலி என்று நினைத்து வாடிக்கையாளர் மடியிலேயே உட்காரப் போனார்.

கூட்டம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, திமுதிமுவென்றுதான் வந்தது. சிரித்தது, செல்ஃபி எடுத்தது, மேனேஜரின் கிருதாவைத் தொட்டுப் பார்த்தது, போய்விட்டது. வாங்கத்தான் ஆளில்லை. முதலாளியம்மா ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மதியத்துக்கு மேல் ஒரு டீச்சர் வந்தார். பூனைக்கண் ஃப்ரேமை ஆசையாகப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். முகம் பளிச்சென்று ஆனது. அதே கண்ணாடியில் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து மேனேஜரின் விக் எட்டிப் பார்த்தது. டீச்சர் சட்டென்று ஃப்ரேமைக் கழற்றி வைத்துவிட்டார்.

"எனக்கு வேண்டாங்க. வேஷம் கட்டிக்கிட்டு வந்திருக்கேன்னு பசங்க சிரிப்பாங்க."

"மேடம், இப்ப இதுதான் ஃபேஷன்!"

"அதான் உங்களைப் பார்த்தாலே தெரியுதே."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்து, முடித்த கண்ணாடி ஒன்றைக் கேஷியர் அக்காவிடம் கொடுக்கக் காலர் வெளியே வந்தாள். கடுகு நிறச் சட்டை, கறுப்பு பேன்ட், வெள்ளை ஷூ. கிளம்பப் போன டீச்சர் நின்றுவிட்டார்.

"சட்டை ரொம்ப நல்லா இருக்கே! எங்க வாங்கினீங்க?"

"எங்கப்பா போட்டதுங்க."

"அவ்வளவு பழசா? ஆனா உங்களுக்கு வேஷம் மாதிரியே தெரியலியே."

"வேஷம் இல்லீங்க, தினமும் இப்படித்தான் வருவேன். ஒரே ஒரு பழசுதான் போடுவேன், மத்ததெல்லாம் இன்னிக்குது. தலையில இருந்து கால் வரைக்கும் பழசா மாட்டினாத்தான் வேஷம்."

சொல்லிக்கொண்டே ஃப்ரேமை எடுத்து டீச்சருக்கு மாட்டினாள். மேனேஜர் தெரியாதபடி மேசைக் கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். "இதைப் போடற அன்னிக்கு அந்தப் பெரிய தோடு மட்டும் வேண்டாம். இப்ப கட்டியிருக்கிற சாதா காட்டன் புடவையே போதும்." டீச்சர் தோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி கண்ணாடியில் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கேன், இல்ல?" என்றார் வெட்கத்தோடு. "இதுக்கே லென்ஸ் போட்டுடுங்க. க்ளாஸுக்கே போட்டுக்கிட்டுப் போறேன்."

அவ்வளவுதான். செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் போனைப் பைக்குள் போட்டார்கள். "எனக்கு எது நல்லா இருக்கும்?", "இந்தச் சட்டைக்கு அந்தச் சதுரம் சரியா வருமா?" என்று அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். காலர் வெளுத்து வாங்கினாள். கடை சாத்தும்போது பூனைக்கண் ஃப்ரேம் வைத்த தட்டு காலி. மேனேஜரின் கிருதா ஒரு பக்கம் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

முதலாளியம்மா எழுந்து வந்தார். "முன் கவுன்டருக்கு ஆள் போட்டாச்சா?"

"இல்லம்மா... இந்தப் பொண்ணு கேட்டுச்சு. நான்தான் சட்டையை மாத்திட்டு வரச் சொன்னேன்" என்று மேனேஜர் அசடு வழிந்தார்.

"அந்தச் சட்டைதான்யா இன்னிக்கு வித்திருக்கு!" என்றவர், அவள் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமையில இருந்து நீ முன்னாடி வந்துடு. மாத்தி கீத்திக்கிட்டு வந்துடாத."

மேனேஜர் கிருதாவைப் பிய்த்துப் பைக்குள் திணித்துக்கொண்டார். "தப்பு என் மேலதாம்மா" என்றார். பாவம், மனுஷன் பசை எரிச்சலோடு சொன்னாலும் மனசாரத்தான் சொன்னார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அப்பாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"மாத்திட்டு வரச் சொல்லலியா?"

"மாத்தவே கூடாதுன்னு சொல்லிட்டாங்கப்பா."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் மூக்கைத் துடைத்தார்.

மறுநாள் காலையில் துவைத்துக் காயப்போட்ட சட்டையைக் கொடியில் காணோம். உள்ளே அப்பா அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பொத்தானுக்கும் தொப்பைக்கும் ஏழாம் பொருத்தம். கடைசியில் வெள்ளை டீ ஷர்ட்டின் மேல் பொத்தான் போடாமலே மாட்டிக்கொண்டார்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"சும்மா, தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்."

"நாளைக்கு எனக்கு வேணும், அழுக்காக்கிடாதீங்க!"

"ஒரே ஒரு பழசுதானே போட்டிருக்கேன்? மத்ததெல்லாம் இன்னிக்குதுதான்" என்றார் அப்பா. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசற்படி இறங்கிப் போனார்.