தண்ணீர் குடித்த வண்டி

வாஜித் வேலைக்காகச் சவூதியின் தம்மாமுக்கு விமானம் ஏறிய அன்று மனைவி ஜஹீராவிடம் ஒரே ஒரு பொறுப்பைத்தான் ஒப்படைத்தான். பொழிச்சலூர் வீட்டுச் சந்தில் தகரக் கூரைக்கடியில் நின்ற அவனுடைய பழைய டீசல் கார்.

"வாரா வாரம் தண்ணி பாரு, ஆயில் பாரு. நான் வந்ததும் வண்டி ஓடிச்சின்னா, தாம்பரம் டாக்சி ஸ்டாண்டுல போட்டுகினு இங்கயே இருந்துடுவேன். சத்தியமா."

விமான நிலையத்துக்குப் போகும் அவசரத்தில் ஆண்கள் செய்யும் சத்தியத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று எனக்குத் தெரியாது. ஜஹீரா நம்பினாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண் வேறென்ன செய்வாள்?

வெள்ளிக்கிழமை தோறும் தொழுகையை முடித்துவிட்டு பானட்டைத் தூக்குவாள். பிஸ்மி சொல்லி ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடுவாள். சில வாரம் ஒரு டம்ளர் குடிக்கும், சில வாரம் ஒன்றும் கேட்காது. பிறகு ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டெடுத்துப் பார்ப்பாள். அங்கேதான் அதிசயம். ஆயில் குறையவே இல்லை. குறையாததோடு, ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு நூலாவது ஏறியிருந்தது. யாரும் ஊற்றாத ஆயில் தானாக ஏறுகிறதென்றால் அது அல்லா பெருக்கித் தரும் பரக்கத் இல்லாமல் வேறென்ன? வெளியில் சொன்னால் கண்பட்டுவிடும் என்று அவள் மூச்சுவிடவில்லை. போனில் வாஜித் "வண்டி பாத்தியா?" என்பான். "பாத்தேன், நல்லா கீது" என்பாள். அவ்வளவுதான்.

நாலு வருஷம் கழித்து இரண்டு மாத லீவில் வந்தான். திரும்பிப் போகும் டிக்கெட் பெட்டிக்குள் இருந்தது. வண்டி ஓடினால் அதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றான். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்த டிக்கெட்டைப் பார்க்காமல் துணி எடுக்க ஜஹீரா பழகிக்கொண்டாள்.

பம்மலில் ஷெட் வைத்திருந்த துளசிங்கம் வந்தார். ஒரு காலத்தில் வாஜிதோடு ஸ்டாண்டில் வண்டி போட்டவர். முன்பக்கம் கைப்பிடியை மாட்டிச் சுற்றிப் பார்த்தார். இஞ்சின் அசையவில்லை. கம்பியை உருவினார்.

"இன்னாபா இது, குச்சி முச்சூடும் ஆயிலு? எவன் ஊத்தினான் இவ்ளோ?"

டீ கொண்டுவந்த ஜஹீராவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "யாரும் ஊத்தலண்ணே. அதுவா ஏறிச்சி. பரக்கத்து."

துளசிங்கம் அவளை ஒரு பார்வை பார்த்தார். வண்டிக்கடியில் படுத்து, ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கழற்றினார். வந்தது ஆயில் இல்லை. துருப்பிடித்த தண்ணீர். பேசின் நிரம்பி வழிந்த பிறகுதான் கறுப்பாக ஆயில் எட்டிப் பார்த்தது.

"ஆயில் மேல மெதந்துகினு இருந்துகீது, கீழ பூரா தண்ணி. இஞ்சின் மூடிக்கு அடியில கீற கேஸ்கெட் கிழிஞ்சி, ஊத்தினதெல்லாம் அது வழியா உள்ள எறங்கிடிச்சிபா."

ஜஹீரா டீயைத் தரையில் வைத்தாள். டம்ளர் டம்ளராக, அதுவும் பிஸ்மி சொல்லி, தன் புருஷனைத் தன் கையாலேயே திருப்பி அனுப்பிவிட்டோமே என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி மேல தப்பில்ல" என்றார் துளசிங்கம். "கேஸ்கெட் முன்னயே போய்ட்டுகீது. ஏன் வாஜித், நீ ஓட்டச்சொல்லவே தண்ணி குடிச்சிருக்குமே?"

வாஜித் பிடரியைத் தடவினான். "குடிச்சிதுண்ணே. ரிப்பேருக்கு வுட்டா சவாரி கெட்டுடும்னு ஊத்தி ஊத்தியே ஓட்டினேன்."

ஜஹீரா அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை. யாரோ தன் புருஷனைப் புதிதாக அறிமுகப்படுத்தியது போல் இருந்தது.

இஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றியபோது மூன்றாவது சிலிண்டரில் துரு ஏறி பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தது. டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறப் போட்டார்கள். காலையில் வாஜித் மரக்கட்டையை வைத்துத் தட்டுவான், மாலையில் துளசிங்கம் வந்து கைப்பிடியைப் போட்டுப் பார்ப்பார். ஆக்கப் பொறுத்தவள் ஆறவும் பொறுத்தாள். ஒரு நாள் கைப்பிடி கால் சுற்று நகர்ந்தது. அடுத்த நாள் முழுச் சுற்று. லேத்துக்குப் போய்வந்த பாகத்தைப் புதுக் கேஸ்கெட்டோடு பூட்டி, டாங்கில் நாறிப்போயிருந்த டீசலைக் கொட்டி, புது டீசலும் புது ஆயிலும் ஊற்றி, டீசல் குழாயில் இருந்த காற்றை எடுத்து, புது பேட்டரியும் மாட்டினார்கள்.

வாஜித் சாவியைத் திருப்பினான். இருமியது. நின்றது. மறுபடி திருப்பினான். சந்து முழுக்க வெள்ளைப் புகை. அதற்குள்ளிருந்து அந்தப் பழைய தடதடப்பு கிளம்பி, நிற்காமல் ஓடியது. துளசிங்கம் கையைத் தட்டினார்.

"அணைச்சிடாத. அரை மணி ஓடட்டும்."

வாஜித் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே ஜஹீராவைப் பார்த்தான். "நல்லா ஓடுது இல்ல? கேளு, விசா இன்னும் இருக்கு. இன்னும் ஒரே ஒரு வருஷம் போய்ட்டு..."

"ஓடினா இருப்பேன்னீங்க. ஓடுது."

"அதில்ல ஜஹீரா, நான் இன்னா சொல்றேன்னா..."

"போறதுன்னா போங்க. சாவிய என் தம்பி அஃப்தாப் கையில குடுத்துட்டுப் போங்க, அவன் ஓட்டட்டும். இனிமே நான் எதையும் நிறுத்தி வெச்சிக் காக்க மாட்டேன். நிறுத்தி வெச்ச பொருளு உள்ள எப்படி கீதுன்னு வெளியே தெரியாதுங்க. குச்சிய உருவிப் பாத்தா நல்லாதான் தெரியும். நானும் நாலு வருஷமா போன்ல 'நல்லா கீறேன், நல்லா கீறேன்'னுதானே சொன்னேன்?"

வாஜித் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். துளசிங்கம் பார்க்க ஒன்றுமில்லாத பானட்டுக்குள் குனிந்துகொண்டார். மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய ஒரு விமானம் தலைக்கு மேல் போனது. மூவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாஜித் வண்டியைவிட்டு இறங்கிக் கேட்டான். "அண்ணே, நானே ஸ்டாண்டுல போடணும்னா, டாக்சி பர்மிட் புதுப்பிக்க யாரப் பாக்கணும்?"

பதில் துளசிங்கத்துக்குத் தெரியும். சொல்ல நிமிர்ந்தவர், கதவைப் பிடித்துக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடி ஜஹீரா அழுவதைப் பார்த்து, கொஞ்சம் பொறுத்தே சொன்னார்.