நகப்பூச்சுப் பொட்டு

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். அந்த லாரி மெக்கானிக், ஜாக்கி கிடைக்காத நாளில் ஒரு கையால் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் டயர் மாற்றியவர். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

பளுதூக்கும் அணியில் அவருடைய எடைப்பிரிவுக்கு ஒரே ஓர் இடம். அடுத்த வருடம் அவர் வயது வரம்பைத் தாண்டிவிடுவார். அந்த இடத்துக்குக் குறிவைத்த இன்னொருவன், அவர் வீட்டிலேயே தங்கித் தின்றுகொண்டிருந்த மச்சினன்.

கோச் ஆளுக்கொரு தொடைப்பட்டையும் அரைத் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சாரும் கொடுத்தார். பட்டையில் செருகிக்கொண்டு பளுவைத் தூக்கினால், கால் எங்கே கோணுகிறது என்று அவரவர் போனில் மார்க்கோடு வந்துவிடும்.

"இனிமே என் கண்ணுக்கு வேலையில்ல. மார்க்க வச்சுத்தான் ஆள எடுப்போம்" என்றார்.

மறுநாள் மெக்கானிக்குக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று. இடது முழங்கால் உள்ளே மடங்குகிறதாம். மச்சினனுக்குத் தொண்ணூற்றாறு.

"முட்டிய வெளிய தள்ளுங்க மாமா. லாரியத் தூக்குற மாதிரி தூக்கினா மெஷின் ஒத்துக்குமா?"

"வாயில இருக்குற சோத்த முழுங்கிட்டுப் பேசு மாப்ள."

ஆனாலும் தள்ளினார். ஆறு மாதம் தள்ளினார். கடைசியில் அவர் தெருவில் நேராகப் போனால், இடது கால் மட்டும் சந்துக்குச் சந்து திரும்பிப் பார்த்தது. மார்க் நாற்பத்தொன்றை விட்டு நகரவில்லை.

ஒருநாள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தவரின் போனில் செய்தி வந்தது: 'இன்று இருபது முறை தூக்கியிருக்கிறீர்கள். இடது முழங்காலைக் கவனிக்கவும்.'

மனைவியைக் கூப்பிட்டார். "பட்டைய நீ தோய்ச்சியா?"

"புதுத் துணிய தோய்க்காமப் போடுவாங்களா? வந்த அன்னைக்கே தோய்ச்சேன். ரெண்டு சென்சார் பொட்டியும் ஒரே மாதிரி இருந்துச்சு, காஞ்சதும் ஆளுக்கொண்ணு செருகுனேன். அப்புறம் மாறிடக் கூடாதேன்னு உங்களுதுல நகப்பூச்சால பொட்டு வச்சுட்டேன்."

காய்ச்சலோடு கோச்சிடம் ஓடினார். சென்சார் ஆள் மாறிப் போயிருப்பதைக் கோச் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "மொத நாள் வந்த அந்தத் தொண்ணூத்தாறு உன்னுதுதான்யா. உன் முட்டி நேராத்தான் போகுதுன்னு என் கண்ணுக்கு அப்பவே பட்டுச்சு. மார்க் வேற சொல்லுச்சா, விட்டுட்டேன்."

"அப்ப இடம் எனக்குத்தான?"

"சென்சார மாத்தியாச்சு. உடம்பு தேறினதும் ரெண்டு பேரும் தூக்குங்க, பாப்போம்."

ஒரு வாரம் கழித்துத் தூக்கினார்கள். முதல் நாள் தொண்ணூற்றாறைப் பார்த்ததோடு மார்க் பக்கமே திரும்பாத மச்சினன் எதையும் திருத்திக்கொள்ளவில்லை; அவனுக்கு அதே நாற்பத்தொன்று. மெக்கானிக்குக்கு முப்பத்தெட்டு. இடது முழங்கால் வெளியே போகிறதாம்.

"இப்ப மெஷின் சரியாத்தான் சொல்லுது" என்றார் கோச்.

சாப்பாட்டில் மனைவி தம்பிக்கு இன்னொரு கரண்டி போட்டாள். "விடுங்க. நம்ம வீட்லேருந்து ஒருத்தன் போறானே."

மெக்கானிக்குக்கு இன்றுவரை கல்யாணமே ஆகவில்லை. என் நாக்கும் இன்றுவரை அழுகவில்லை.