அட்டை மருந்து

தேயிலை மலைக்கு ஏறுமுன், ரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமலிருக்கப் பெண்கள் காலில் தடவும் அட்டை மருந்துச் சட்டியை, வேலையை மேற்பார்க்கும் தோட்டத்துக் கண்டாக்கு எட்டி உதைத்தார். புகையிலையும் சவர்க்காரச் சோப்பும் குழைத்த சாந்து, அதைக் காய்ச்சிய டெல்சியின் முகத்தில் தெறித்தது.

"வெளிநாட்டுக் கம்பெனி இதுக்குக் காப்புரிமை வாங்கிருச்சு. இனி அவங்க டியூப்பத்தான் வாங்கணும். நீங்க காய்ச்சுறது திருட்டு."

போன வருசம் ஆராய்ச்சிக்கு வந்த வெள்ளைக்காரியின் காலில் தடவிவிட்டு, செய்முறையும் சொன்னவள் டெல்சிதான். அவள், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் அவர் முழங்காலில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்து, அட்டை நெளியும் வடிகானுக்குள் விழுந்தார். எழ முயன்றவரின் நெஞ்சில் காலை ஊன்றினாள். அட்டைகள் சட்டைக்குள் ஏறின. கழுத்தில் ரத்தம் வழிந்தது.

"அந்த மருந்தக் கொஞ்சம் பூசு, டெல்சி," என்று கதறினார்.

"அது திருட்டு மருந்துங்க, ஐயா."

முகத்தில் ஒட்டியிருந்ததை வழித்து, அவர் நெஞ்சில் ஊன்றிய தன் காலில் தடவிக்கொண்டாள்.