வறட்சிக்குத் தண்ணீர் ஊற்றியவர்

எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையின் இயக்குநர் என் அக்காவின் கணவர். ஆபீஸில் சார், வீட்டில் அத்தான். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை ‘ரிப்பன்’ என்பார்கள். எதையாவது வெட்டித் திறந்துவைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. புதுக் கழிப்பறைக்குக்கூட ரிப்பன் கட்டச் சொன்ன மனுஷன். பயிரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது பச்சையாக இருக்க வேண்டும் என்பதுதான்.

என் வேலை சோளம். மழை பொய்த்தாலும் தாங்குகிற ரகத்தைத் தேடி, பண்ணையின் தெற்கு மூலையில் பல வகைச் சோளத்தை வரிசை வரிசையாக விதைத்திருந்தேன். முளைத்து நிலைத்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. எது கருகுகிறது, எது பல்லைக் கடித்துக்கொண்டு நின்று கொஞ்சமாவது மணி பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை. கதிர் தள்ளும் சமயத்தில் முக்கால்வாசி வரிசைகள் சுருண்டு கிடந்தன. நாலைந்து மட்டும் அசையாமல் நின்றன. எனக்கு ஏக சந்தோஷம்.

அப்போதுதான் பசி ஒழிப்பு நிதியம் ஒன்றிலிருந்து விருந்தாளிகள் வரப்போவதாகச் செய்தி வந்தது. ரிப்பன் வயலைப் பார்க்க வந்தார்.

“என்னம்மா இது, சுடுகாடு மாதிரி கிடக்கு?”

“தண்ணி விடலை சார். விடவும் கூடாது. அதான் சோதனையே.”

“வர்றவங்க என்ன நினைப்பாங்க?”

“விளக்கிச் சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க.”

“போட்டோவைப் பாக்கிறவனுக்கு யாரு விளக்கம் சொல்றது?”

அடுத்த திங்கட்கிழமை என்னைத் தலைநகரத்துக்கு ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார். பெண் விஞ்ஞானிகளுக்கான தலைமைப் பண்புப் பயிற்சி. முடித்துவிட்டு வந்து வயலுக்குப் போனால், தூரத்திலேயே ஈரமண் வாசனை. டேங்கர் லாரி டிரைவர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“சார்தாம்மா ஊத்தச் சொன்னாரு. தினமும் ஊத்தறோம்.”

சுருண்டு கிடந்த இலைகளெல்லாம் விரிந்து பளபளத்தன. கருகிப்போன இலைகளை ஆள் வைத்துக் கிள்ளி எடுத்திருந்தார்கள். எது தாங்கும், எது தாங்காது என்பதை இனி அந்த வயலிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. ஒரு பருவத்து உழைப்பு சேறாகிக் கிடந்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் விருந்தாளிகள் வந்தார்கள். வயலில் இறங்கிய நிதியத்துத் தலைவரின் கால் கணுக்கால் வரை புதைந்தது.

“மழை பெஞ்சுதா?” என்றார், ஷூவைப் பிடுங்கியபடி.

“இல்லவே இல்லை,” என்றார் ரிப்பன், கண்ணிமைக்காமல். “இந்தச் சோளத்தோட வேர் அடியில இருக்கிற ஈரத்தை மேல இழுத்துக்கிட்டு வந்துடுது.”

தலைவர் தலையை ஆட்டினார். கூட வந்தவர்களும் ஆட்டினார்கள். நன்றாகப் படித்த கழுத்துகள். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஆடும்.

“அது டேங்கர்ல ஊத்தின தண்ணி சார்,” என்றேன். “இந்தச் சோதனை கெட்டுப்போச்சு.”

ரிப்பன் வாய்விட்டுச் சிரித்தார். “என் மச்சினி. எப்பவும் விளையாட்டுதான்.” எல்லோரும் சிரித்தார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்குப் போகும் வழியில் தலைவர் என் பக்கம் சாய்ந்து, “எல்லாப் பண்ணையிலயும் இப்படித்தாம்மா. எங்க ஆண்டறிக்கைக்கும் பச்சையா ஒரு படம் வேணுமில்ல?” என்றார். அதுவரை அவரை முட்டாள் என்று நினைத்திருந்தேன். அந்த மரியாதைக்குக்கூட அவர் லாயக்கில்லை.

சாயங்காலம் அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். “நாலு பேர் முன்னாடி அவரை அசிங்கப்படுத்தினியாமே? வாடுற பயிருக்குத் தண்ணி ஊத்தினது ஒரு குத்தமாடி?”

“நாங்க சொல்றதை நம்பித்தான் ஒருத்தர் விதைப்பாருக்கா. அது கருகினா அவர் வீட்டு அடுப்புதான் எரியாது. அத்தான் வீட்டு அடுப்புக்கு ஒண்ணும் ஆகாது.”

“உனக்கு எப்பவும் வாய் நீளம்,” என்று வைத்துவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். ரிப்பன் விடவில்லை. அந்தப் படத்தில் எல்லாவற்றுக்கும் மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றது ஒரு நெட்டை ரகம். முந்தைய பருவங்களில் முதலில் செத்தது அதுதான். குடிகாரன் மாதிரி, ஊற்றினால்தான் எழுந்திருக்கும். அதையே வறட்சி தாங்கும் ரகமாக அறிவிக்க வேண்டும் என்று ரக வெளியீட்டுக் குழுவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். நான் பழைய முடிவுகளைக் காட்டினேன். குழுவினர் படத்தைத்தான் பார்த்தார்கள். “செழிப்பா இருக்கே,” என்றார் ஒருவர், பிஸ்கட்டை டீயில் தோய்த்தபடி.

எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, எழுந்து ரிப்பன் பக்கம் திரும்பினேன்.

“சார், உங்க அப்பா விட்டுட்டுப் போன நிலம் வானம் பார்த்த பூமிதானே?”

“ஆமா. அதுக்கென்ன?”

“வர்ற பருவத்துல முழுக்க இந்த ரகத்தையே விதைப்பீங்களா?”

“அது குத்தகைக்கு விட்டிருக்கும்மா.”

“குத்தகைக்காரர்கிட்ட விதைக்கச் சொல்லுங்க.”

“அவன் பாவம், புள்ளகுட்டிக்காரன்,” என்றார் ரிப்பன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பிஸ்கட் டீக்குள் விழுந்து கரைந்தது. கடைசியில் குழுத் தலைவர் தொண்டையைச் செருமி, இன்னும் இரண்டு பருவம் சோதித்துப் பார்க்கலாம் என்று முடித்துவைத்தார். வெட்கத்தில் இல்லை, பிற்பாடு வம்பு வருமே என்ற பயத்தில். எனக்கு அது போதும்.

ஒரு மாதத்தில் எனக்கு மாற்றல் வந்தது. பஸ்கூட ஒழுங்காகப் போகாத ஓர் உவர்மண் பண்ணை. ரிப்பன் அதே நிதியத்தில் பசி ஆலோசகராக வெளிநாடு போனார். பசி என்பதை அவர் எங்கே பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. மிச்சம் வைத்திருந்த விதைகளை நான் புது இடத்தில் மறுபடி விதைத்தேன்.

நேற்று அக்கா கூப்பிட்டாள்.

“அவர் உன்னை மன்னிச்சுட்டாராம்டி.”

“ரொம்பப் பெரிய மனசு.”

“அந்தக் குத்தகைக்காரர் வந்திருந்தாரு. எதை விதைக்கலாம்னு உன்னைக் கேக்கச் சொன்னாரு,” என்றாள்.

“இன்னும் தெரியலைக்கா. தெரிஞ்சதும் சொல்றேன்.”

“சரி,” என்றாள். அப்புறம் தன் முட்டி வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டிருந்தேன்.