ஏழாம் தளத்தின் காற்று

சாலை திறந்த பிறகு மலைக்கு ஏறிய முதல் ஜீப்பில் அவள் வந்தாள். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை, கையில் மஞ்சள் பை. வெள்ளிமலைத் துணை சுகாதார நிலையத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று நினைத்த ஜெஸி வெப்பமானியை எடுத்து உதறினாள்.

"புள்ளைக்கு ஒண்ணும் இல்ல நர்சம்மா. இங்க ஜே சாருன்னு ஒருத்தர் இருக்காராமே, அவுரு வூடு எதுங்க?"

ஜெஸியின் கை அப்படியே நின்றது.

"எந்த ஜே சாரு?"

"எங்க வூட்டுக்காரருக்குக் கடுதாசி போடுவாருங்க. கவரு மேல ஜே., வெள்ளிமலைன்னு போட்டிருக்கும். பெரிய படிப்பு படிச்சவராம். போஸ்டாபீசுல கேட்டா, நர்சம்மாவ கேளுன்னு சொல்லிட்டு ஒரு மாதிரி சிரிக்கிறாங்க."

"வடக்கனந்தலா நீங்க?"

"ஆமாங்க. வேடியப்பன் பொஞ்சாதி. ரங்கம்மாள்." சொன்னதும் அவளுக்கு உதடு கோணிக்கொண்டது. "அவுர போலீஸ் புடிச்சிகினு போயி அஞ்சு நாளு ஆவுது. ரோட்ட மறிச்சி மரம் வெட்டிப் போட்டவங்கள தேடிக்கினு வந்தாங்க. இவுரு ரோட்டுப் பக்கமே போவல. வூட்ல குந்திகினு எழுதிக்கினு இருந்தாரு. பொட்டிய தொறந்து பாத்தாங்க, இந்த சாரு போட்ட கடுதாசிங்க கவரு இல்லாம கட்டுக் கட்டா இருந்துது. படிச்சிட்டு, யார்றா இந்த ஆணையகம்னு கேட்டு மண்ட மேலயே போட்டாங்க. சாரு வந்து ஒரு வார்த்த சொன்னா வுட்ருவாங்க இல்ல?"

ஜெஸி வெப்பமானியை அதன் கூட்டுக்குள் வைத்தாள். அந்தச் சார் மாற்றலாகிப் போய்விட்டார் என்று சொல்லலாம். சொன்னால் இந்தப் பெண் அடுத்த ஜீப்பில் இறங்கிப் போய்விடுவாள். இந்த யோசனை ஜெஸிக்குள் எவ்வளவு நேரம் இருந்தது என்று பின்னாளில் அவள் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். குழந்தை மேசைமேல் இருந்த பஞ்சுப் பொட்டலத்தை இழுத்துக் கீழே போடும் வரைக்கும் இருந்தது.

"நான்தான் அந்த ஜே," என்றாள்.

ரங்கம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அப்ப வாங்க போலாம்," என்றாள். இருவரும் ஜீப்பில் வளைவு வளைவாக மலை இறங்கினார்கள்.

ஜெஸிக்கு விளையாட்டுப் பைத்தியம் பள்ளி விடுதியில் பிடித்தது. ஏழு வயதில் பரமபதக் காய்களுக்குப் பெயர் வைத்து, பாம்பு கடித்து இறங்கிய காய்க்கு ஏன் அந்தக் கதி வந்தது என்று கதை சொல்வாள். ஜெயிப்பதில் அவளுக்கு அக்கறை இருந்ததில்லை. மற்ற பிள்ளைகள் வளர்ந்து விலகிப் போனார்கள், அவள் விலகவில்லை. செவிலியர் பயிற்சியின்போது, ஊர் திரும்பிய வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் விட்டுப்போன குப்பையில் ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. அகராதியை வைத்துக்கொண்டு ஆறு மாதம் படித்தாள். உலகத்தில் எங்கோ பெரியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, ஒருவர் நிலைமையைச் சொல்ல மற்றவர்கள் தாங்கள் செய்வதைச் சொல்ல, பகடையில் விழும் எண்ணின்படி கதையை நகர்த்தி விளையாடுகிறார்கள் என்று அதில் இருந்தது. அவள் அன்று அழுதாள். தன்னைப் போல ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் கடலுக்கு அப்பால்.

அந்தப் புத்தகத்தின் கோட்டைகளும் பூதங்களும் அவளுக்குப் பிடிக்கவில்லை. புத்தகக் கண்காட்சிகளில் மலிவாகக் கிடைத்த ருஷ்ய மொழிபெயர்ப்புகளைப் படித்தவளுக்கு மனம் எப்போதும் பூமியை விட்டுக் கிளம்பிவிடும் மனிதர்களிடமே இருந்தது. நாற்பது பக்க நோட்டில் தானே விதிகள் எழுதினாள். இருநூறு ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு கப்பல். ஏழு தளங்கள். காற்று மேல்தளத்தில் உண்டாகிக் கீழே இறங்கும். ஏழாம் தளத்துக்கு வந்து சேரும்போது மூச்சு முட்டும் அளவுக்கு மெலிந்திருக்கும். ஏழு சோழிகளை உருட்டி, வாய் திறந்து விழுந்தவற்றை எண்ணி, நடந்ததா நடக்கவில்லையா என்று முடிவு செய்வாள்.

ஆட ஆள் வேண்டுமே. ஒரு வார இதழின் பேனா நண்பர்கள் பகுதியில் மூன்று வரி போட்டாள். பெண் என்று தெரிந்தால் வரும் கடிதங்கள் வேறு மாதிரி இருக்கும் என்பதால் ஜே. என்று மட்டும் போட்டாள். ஐந்து பேர் எழுதினார்கள். ஆறு மாதத்தில் நான்கு பேர் நின்றுபோனார்கள். வேடியப்பன் நிற்கவில்லை. மரவள்ளிக் காட்டுக்கு நடுவே உட்கார்ந்து, ஏழாம் தளத்தில் பிறந்த தளபதி நீலனாக மூன்று ஆண்டுகள் அவன் எழுதினான். "அன்புள்ள சார், நீலன் ஏணியைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்குகிறான்" என்று ஆரம்பிப்பான். ஒரு கடிதம் போய்ப் பதில் வர இரண்டு வாரம். மூன்று ஆண்டுகளில் நீலன் நான்காம் தளம் வரைதான் ஏறியிருந்தான்.

கப்பலின் நாள்காட்டியை ஜெஸி சுவரில் தொங்கிய நாள்காட்டியோடு ஒட்டியே ஓட்டினாள். தேதி குழம்பாமல் இருக்க அதுதான் வசதி. அந்த ஆண்டு, எண்பத்தேழில், ஆவணி மாதம் முழுக்க ஜீப்பிலும் சந்தையிலும் ஒரே பேச்சு. கீழே ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு செப்டம்பர் பதினேழிலிருந்து ஏழு நாள் சாலைகளை மறிக்கப் போகிறார்கள். கேட்ட எதையும் கப்பலுக்குள் கொண்டு போகாமல் அவளால் இருக்க முடியாது. கேட்ட அன்றே நீலனுக்கு, அவனுக்கு உத்தரவிடும் ஆணையகத்தின் பெயரில் எழுதினாள்: "செப்டம்பர் 17, காலை ஆறு மணி. மூன்றாம் பாலத்தை மறித்துவிடு. ஏழு நாள் மேல்தளத்தார் ஒருவரும் கடக்கக் கூடாது. ஆட்களைப் பிரித்து நிறுத்து. காற்றில் நம் பங்கு கிடைக்கும் வரை இறங்காதே. ஆணையகம்."

எழுதி முடித்தபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று ஆண்டுகளில் எழுதியதிலேயே நன்றாக வந்த கடிதம் அதுதான்.

கள்ளக்குறிச்சியில் பிடித்தவர்களை வைக்க இடம் போதாமல் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்திருந்தார்கள். மேடையில் யாருடைய கல்யாணத்துக்கோ கட்டிய ஜரிகைத் தாள் மாலை இன்னும் தொங்கியது. அதன் கீழே மேசை போட்டு வெளிமாவட்டத்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. கடிதக் கட்டு அவர் முன்னால் இருந்தது.

ஜெஸி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நோட்டையும் வேடியப்பன் எழுதிய கடிதங்களையும் காட்டினாள், சோழிகளைக் கொட்டிக் காட்டினாள். சொல்லச் சொல்ல அவள் குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

"விளையாட்டு," என்றார் இன்ஸ்பெக்டர். "சரி. யாரு ஜெயிப்பா?"

"ஜெயிக்கிறதுன்னு ஒண்ணும் இல்லைங்க சார்."

"அப்புறம் எப்ப முடியும்?"

"முடியாதுங்க."

பக்கத்தில் நின்ற ஏட்டு சிரித்துவிட்டார். "ஜெயிக்கவும் மாட்டாங்க, முடியவும் முடியாது. ஐயா, இது வெளாட்டு இல்ல, கவர்மெண்ட் ஆபீசு."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டினார். ஏழு தளங்களின் படம், பாலங்கள், காவலர்கள் மாறும் நேரம். "இதை நான் மேல அனுப்பினா உன்னையும் சேர்த்து உள்ள வைக்கச் சொல்வாங்கம்மா. ஆகாயத்துல கப்பல் போகுது, அதுல காத்துக்குச் சண்டைன்னு எந்த அதிகாரிகிட்ட நான் போய்ச் சொல்றது? நாலு நாளா தூங்கல நான்." கண்ணைக் கசக்கிக்கொண்டார். "ஒரு ஆம்பளையும் பொம்பளையும் மூணு வருஷம் லெட்டர் எழுதிக்கிட்டா அதுக்கு ஊர்ல ஒரு பேரு இருக்கு. அது எல்லாருக்கும் புரியும். வீட்டுக்குத் தெரியாம இருக்கச் சங்கேதமா எழுதிக்கிட்டோம்னு உன் கையால எழுதிக் குடு. சாயங்காலத்துக்குள்ள ஆளைக் கூட்டிட்டுப் போ."

"அவரு சார்னுதானே எழுதியிருக்காரு!"

"அதான் பாரு, எவ்வளவு உஷாரு," என்றார் ஏட்டு.

ஜெஸி திரும்பினாள். ரங்கம்மாள் தூணோரம் தரையில் உட்கார்ந்து குழந்தைக்குப் பன்னைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். எல்லாமே அவள் காதில் விழுந்திருந்தது.

"நீங்க சொல்லுங்க ரங்கம்மா. அது பொய். சத்தியமா பொய்."

"எழுதிக் குடுங்க நர்சம்மா," என்றாள் அவள், குழந்தையைப் பார்த்துக்கொண்டே. "பொய்யோ நெசமோ. ஆளு வூட்டுக்கு வந்தா போதும்."

ஜெஸி எழுதினாள். இத்தனை ஆண்டுகளில் இல்லாத உலகங்களை அவ்வளவு எளிதாக எழுதியவளுக்கு அந்த அரைப் பக்கம் வரவில்லை. ஏட்டு சொல்லிக்கொடுத்தார். 'நேசித்தோம்' என்று போடச் சொன்னார். போட்டாள். கீழே கையெழுத்து, வேலை செய்யும் இடம், தகப்பன் பெயர். வேலைக்கு என்ன ஆகும், தம்பி ஆல்பின் பேசி முடித்து வைத்திருக்கும் வரனுக்கு என்ன ஆகும் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. கடிதங்களையும் நோட்டையும் திருப்பித் தருவார்களா என்று மட்டும் கேட்டாள். தரமாட்டோம் என்றார்கள்.

நாலு மணிக்கு வேடியப்பனை வெளியே விட்டார்கள். ஒடிசலான, குட்டையான ஆள். நீலனை அவள் உயரமாகவே நினைத்திருந்தாள். மேல் உதடு வீங்கி ஒரு பக்கமாக இழுத்திருந்தது. இடது கை விரல்களை மறு கையால் தாங்கிப் பிடித்திருந்தான். அவன் கண்கள் இரண்டு பெண்களையும் தாண்டி வாசலில் யாரையோ தேடின.

"சாரு வரலியா?"

"இவங்கதான் உன் சாரு," என்றாள் ரங்கம்மாள்.

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. "பொம்பளைங்களா நீங்க?" என்றான். ஏமாற்றமா மரியாதையா என்று சொல்ல முடியாத குரல். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "மூணு நாள் தாங்கினேங்க. வெளாட்டுன்னே சொல்லிக்கினு இருந்தேன். நாலாம் நாளு வெள்ளிமலைன்னு சொல்லிட்டேன். ஆணையகத்த காட்டிக் குடுத்துட்டேன்."

"அதனால ஒண்ணும் இல்லைங்க. நான் அதுக்காக வரல. ரங்கம்மாதான் வந்து கூப்டாங்க."

"நீலன் சொல்லியிருக்க மாட்டான்," என்றான் வேடியப்பன்.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஏட்டு வாசற்படியிலிருந்து கூவினார்: "இன்னாய்யா நின்னுகினு! பொண்டாட்டி ஒரு பக்கம், ஆசைநாயகி ஒரு பக்கம். ரெண்டு பேரும் வந்து மீட்டுகினு போறாங்க. குடுத்து வெச்சவன்யா நீ!"

வேடியப்பன் மனைவியைப் பார்த்தான். பிறகு ஜெஸியைப் பார்த்தான். என்ன எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது அவன் முகத்தில் மெல்ல மெல்ல விளங்கியது. பேருந்து நிலையத்துக்கு மூவரும் நடந்தபோது அவன் இருபது அடி முன்னால் போனான். வெட்டிய புளியமரங்களைச் சாலை ஓரத்துக்குத் தள்ளியிருந்தார்கள். மிதிபட்ட இலைகளின் புளிப்பு வாடை அடித்தது.

வடக்கனந்தல் பேருந்து நின்றிருந்தது. அவன் ஏறி, கடைசி இருக்கையில், மறுபக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தான். ரங்கம்மாள் படியருகே நின்றாள். குழந்தை தூங்கிவிட்டிருந்தது.

"எழுதச் சொன்னது நான்தான். ஒங்க மேல கோவம் இல்ல," என்றாள். "ஆனா இப்ப சொல்லுங்க. போலீஸ்காரன் யாரும் இங்க இல்ல. வெளாட்டுதானா அது?"

"வெளாட்டுதான் ரங்கம்மா."

"மூணு வருசமாவா?"

ஜெஸிக்குப் பதில் இருந்தது. வெள்ளிமலையில் தபால் வரும் சத்தத்துக்காகவே ஒவ்வொரு இரண்டு வாரத்தையும் கழித்ததைச் சொல்லலாம். ஊசி போடும்போதும், மலைக் கிராமங்களுக்கு ஏறி நடக்கும்போதும், நீலன் அடுத்து என்ன செய்வான் என்று நினைத்துக்கொண்டே போனதைச் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அந்த அரைப் பக்கம் எழுதியதுபோலவே ஆகிவிடும் என்று தோன்றியது.

"இந்தப் புள்ள பொறக்க சொல்ல தாய் வூட்ல அஞ்சு மாசம் கெடந்தேன்," என்றாள் ரங்கம்மாள். "ஒரு கார்டு போடல. எழுதறதுக்குக் கை வராதுன்னாரு." சேலைத் தலைப்பால் குழந்தையின் வாயோரத்தைத் துடைத்தாள். "இனிமே போடாதீங்க நர்சம்மா."

"போட மாட்டேன்."

பேருந்து கிளம்பியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெஸி மலைக்குப் போகும் கடைசி ஜீப்பைப் பிடித்து, உர மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். சரிவுகளில் சாமைப் பயிர் சாய்ந்து கிடந்தது. பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக் கப்பலுக்குள் போகப் பார்த்தாள். நான்காம் தளத்தின் ஏணிக்குக் கீழே நீலன் நிற்க வேண்டும். நின்றான். ஆனால் குட்டையாக, வீங்கிய உதட்டோடு, தலையைக் குனிந்து நின்றான். அவனுக்குப் பின்னால் நட்சத்திரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் அந்த மண்டபத்தின் ஜரிகைத் தாள் மாலை தொங்கியது. அவனிடம் அடுத்து என்ன செய்கிறாய் என்று கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. கண்ணைத் திறந்துகொண்டாள். ஜீப் மூன்றாவது வளைவில் திணறி ஏறிக்கொண்டிருந்தது.