பதினாலு நாளில் மூடுவது

என் போன் மத்தியானத்தில் ஊமையாகிவிடும். அதுதான் என் புகார். ஐம்பத்தொரு வயதில் எழுத்துக் கற்றவன் நான். அமெரிக்காவில் டுலூத் என்ற ஊரில் கூரை வேலை. புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்தால் போனில் ஒரு செயலி வாசித்துக் காட்டும். நான் தாளில் விரல் வைத்துக்கொண்டே போவேன். சாப்பாட்டுக்கு விடும் அரை மணிநேரம்தான் எனக்குப் படிப்பு. அதில்தான் நின்றுபோகிறது.

அந்தச் செயலியை யாரும் சம்பளத்துக்குச் செய்யவில்லை. பல ஊர்க்காரர்கள் ஓய்வு நேரத்தில் செய்து பொதுவில் வைத்திருக்கிறார்கள். புகாரையும் பொதுவில் எழுதலாம். மூன்று முறை எழுதினேன். அவர்களில் டோபயஸ் என்பவன் மூன்று முறையும் "எங்களுக்கு அப்படி வரவில்லை" என்று புகாரை மூடிவிட்டான். வீட்டில் எனக்கும் வராது. கூரையில் மட்டும் ஏன்? ஆணியடிக்கும்போதும் அந்தக் கேள்வி கூடவே இருந்தது.

புகாரை எப்படி எழுதுவது, எப்போது மூடுவது என்று முடிவுசெய்ய சனிக்கிழமை வீடியோவில் கூடினார்கள். யாரும் வரலாம் என்றிருந்தது, போனேன். பொறுப்பாளர் வெர்னா. புகார் முந்நூறு சேர்ந்துவிட்டது, நாம் செய்துபார்த்தும் பதினாலு நாளில் வராத பழுதின் புகாரைத் தானாக மூடவிடலாம் என்றான் டோபயஸ். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"ஒரு சந்தேகம்," என்றேன். "ஒழுகுதுன்னு வீட்டுக்காரம்மா கூப்பிடுறாங்க. நான் போறப்ப நல்ல வெயில். ஒழுகலைன்னு எழுதிட்டு வந்துடவா?"

"மழைக்கு மனு போடுவீங்களா மேஸ்திரி?" என்றான் டோபயஸ்.

"குழாய்த் தண்ணியப் பிடிச்சுக்கிட்டு மேல ஏறுவேன். உள்ள ஒரு ஆள் நின்னு பாக்கணும்."

வெர்னா அதை எழுதிக்கொண்டாள். மூடுமுன் புகார் சொன்னவரும் நம்மில் ஒருவரும் ஒரே நேரத்தில் செய்துபார்க்க வேண்டும் என்று ஒரு வரி. முந்நூறுக்கும் யாருக்கு நேரமென்றான் டோபயஸ். முதலில் இவருடையதைப் பார், விதியை அப்புறம் பேசலாம் என்றாள்.

செவ்வாய் மத்தியானம் கூட்டாளியின் போனில் டோபயஸைப் பிடித்தேன். எந்தப் பக்கம், எவ்வளவு சூடு, கையுறை உண்டா என்று துளைத்தான். ஒவ்வொன்றையும் தன் மேசையில் செய்துபார்த்தான். அவனுடையது வாசித்துக்கொண்டே இருந்தது. என்னுடையது நின்றுவிட்டது.

"இப்ப உங்க போன் எப்படி இருக்கு?"

"பக்கத்துல கவுத்து வச்சிருக்கேன். கண்ணாடியில வெயில் பட்டுக் கண்ணு கூசுது."

அவனும் தன் போனைக் கவிழ்த்திருக்க வேண்டும், அங்கே வாசித்துக்கொண்டிருந்த செயலியின் குரல் பாதி வார்த்தையில் நின்றது.

"கவுத்து வைப்பாங்களா?" என்றான், தனக்குத்தானே.

வெர்னா எழுதிய வரி விதியாக நிறைவேறிவிட்டது. பழுதைச் சரிசெய்ய இரண்டு வாரமாகுமாம். அதுவரை போனை நிமிர்த்தி வைத்துத் தொப்பியால் மூடிக்கொள்கிறேன், வாசிக்கிறது. "வரவில்லை" என்று மூடியிருந்த நாற்பத்தாறு புகாரையும் டோபயஸ் திறந்துவிட்டான். அவற்றை அச்செடுத்துக் கூரைக்குக் கொண்டுபோகிறேன். முதலாவது யாரோ ஒரு பெண் எழுதியது. பஸ்ஸில் போகும்போது மட்டும் ஒரே வரியை இரண்டு முறை வாசிக்கிறதாம்.

எந்த இருக்கையில் உட்காருவீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.